சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் குடித்தனம்

மாமல்லபுரத்துக்கு வருகிற யாத்திரிகர்களில் பெரும்பாலோர் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் அர்ச்சுனன் தபசையும் பார்த்த திருப்தியோடு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். தெற்கே இன்னும் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் சென்றால், பாலாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்குச் சற்று வடக்கே, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய ஒரு பழைய கோட்டையும், அதன் மதிலுக்குள்ளேயே ஒரு சிறு இடுகாடும் இருக்கின்றன என்பதை அறிந்தவர் சிலரே. சம்புவராய மன்னர் காலத்துச் சாசனங்களில் இராஜநாராயணன் பட்டினம் என்று குறிக்கப்பட்டு, பின்பு சதுரங்கப்பட்டினம் என்று வழங்கி, ஐரோப்பியர் வாயில் சத்ராஸ் என்று சுருங்கிய இவ்வூரைப் பற்றி எழுதுகிற சரித்திராசிரியர்கள், எந்த வருஷம் எந்தக் கொடி ஏறியது, எந்தக் கொடி இறங்கியது என்று சொல்லிவிட்டு அப்பால் போய்விடுவது வழக்கம். மாதச் சம்பளத்துக்கு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து, சில வருஷங்களில் ஊர் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு இந்தக் கரையில் வந்திறங்கிய உத்தியோகஸ்தர்கள் மனைவி மக்களோடு இங்கே எப்படி வாழ்ந்தார்கள், அந்தக் குடித்தனத்தின் பாரத்தை யார் யார் சுமந்தார்கள் என்ற கேள்வி கொடிகளின் கதையைவிட நம்மை அதிகம் ஈர்ப்பதால், இக்கட்டுரையில் அதையே சற்று நிதானமாக விசாரிக்கலாம்.

ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனி 1602ஆம் வருஷம் ஸ்தாபிதமாயிற்று. சோழமண்டலக் கரையில் முதலில் மசூலிப்பட்டணத்திலும், 1610 முதல் பழவேற்காட்டிலும் அது வேரூன்றியது. பழவேற்காட்டில் கெல்ட்ரியா என்னும் கோட்டை 1613இல் எழுந்தது. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சதுரங்கப்பட்டினத்திலும் நிலையான பண்டகசாலை அமைந்தது. இந்தக் கம்பெனி தன் இரண்டு நூற்றாண்டு வாழ்நாளில் ஆசியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பியவர்களின் தொகை ஏறக்குறைய 10 லட்சம் என்றும், அவர்களில் தாயகம் திரும்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவர்களே என்றும் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். திரும்பாதவர்கள் அனைவரும் மாண்டவர்கள் அல்லர். கடலிலும் காய்ச்சலிலும் மாண்டவர்கள் மிகப் பலர் என்பது உண்மையே. ஆயினும் உயிரோடிருந்தும் திரும்பாதவர்கள், திரும்ப விரும்பாதவர்கள், திரும்ப விடப்படாதவர்கள் என்று மூன்று வகையினரும் அந்தத் தொகைக்குள் அடங்குவர். இவர்களில் மூன்றாம் வகையினரைப் பற்றிச் சரித்திர நூல்கள் அதிகம் பேசுவதில்லை.

ஒப்பந்தத்தின் தன்மையை முதலில் பார்ப்போம். சாமானியச் சிப்பாயும் எழுத்தனும் ஐந்து வருஷச் சேவைக்குக் கையெழுத்திட்டார்கள். போக வர ஆகும் பிரயாண காலம் அந்த ஐந்தில் சேராது. சிப்பாய்க்கு மாதம் 9 கில்டர் அளவிலும், பண்டகசாலையை நிர்வகிக்கும் வணிகர் பதவிக்கு 60 கில்டர் அளவிலும் சம்பளம். இந்தச் சம்பளம் முழுவதும் இங்கே கைக்கு வந்துவிடாது. ஒரு பகுதியும் சாப்பாட்டுப் படியும் மட்டும் இங்கே கிடைக்க, மற்றது ஹாலந்தில் உள்ள கணக்குப் புத்தகத்தில் அவன் பேரில் ஏறிக்கொண்டே இருக்கும். திரும்பிப் போனால் அவன் கையிலும், போகாவிட்டால் வாரிசின் கையிலும் அது சேரும். மனைவியையோ பெற்றோரையோ ஊரில் விட்டு வந்தவன், வருஷத்தில் மூன்று மாதச் சம்பளம் வரையில் அவர்களே நேரில் பெற்றுக்கொள்ளும்படி ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த மணியார்டருக்காக நம் கிராமங்களில் தபால்காரனை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெண்களைப் போலவே, ஆம்ஸ்டர்டாமிலும் மிடில்பர்க்கிலும் அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனிக் காரியாலயத்தின் வாசலில் நின்ற பெண்கள் பலர் இருந்தார்கள். இவ்வாறு ஊரில் விட்டுவந்த குடும்பத்துக்குக் கம்பெனி ஓர் ஏற்பாடு செய்திருந்தது. வந்த இடத்தில் அமைந்த குடும்பத்தைப் பற்றிய அதன் ஏற்பாடு வேறு விதமானது.

பிரயாணம் ஆறு முதல் எட்டு மாதங்கள் நீடித்தது. நன்னம்பிக்கை முனையில் 1652 முதல் கம்பெனிக்குத் தங்குமிடம் ஒன்று இருந்தமையால், அங்கே தண்ணீரும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு, பெரும்பாலும் ஜாவாவில் கம்பெனியின் தலைமை நகரமான பட்டேவியாவுக்குப் போய், அங்கிருந்து உத்தரவு பெற்றுச் சோழமண்டலக் கரைக்கு வருவார்கள். நம் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் கரைக்கு எட்டத்தில் ஆழத்திலேயே நங்கூரமிட்டு நிற்க, ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைப் பிளந்துகொண்டு போய், மனிதரையும் மூட்டையையும் மதுப் பீப்பாயையும் ஏற்றி வரும். இரும்பாணி அடித்த ஐரோப்பியப் படகு இந்த அலைவாயில் ஒரே மோதலில் சிதறிவிடும். தையற்படகோ வளைந்து கொடுக்கும். ஆகவே கம்பெனியின் வணிகர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், அவரும் அவர் மனைவியும் தொட்டிற் குழந்தையும் இந்த மண்ணில் கால் வைப்பதற்குக் கரையோரத்து மீனவரின் தயவு முதலில் வேண்டியிருந்தது.

குடும்ப சமேதராக வந்தவர்கள் உண்மையில் மிகச் சிலரே. ஆரம்ப காலத்தில், ஒல்லாந்தப் பெண்களைக் கப்பலில் அழைத்து வந்து கிழக்கில் ஒரு சிறு ஹாலந்தையே நிறுவிவிடலாம் என்று கம்பெனியின் தலைவர்கள் சிலர் எண்ணினார்கள். அந்த எண்ணம் செலவு பிடித்தது, பலனும் தரவில்லை. வந்த தம்பதிகள் கொஞ்சம் பொருள் சேர்ந்தவுடன் ஊருக்குத் திரும்பிவிடவே அவசரப்பட்டார்கள் என்பது நிர்வாகிகளின் பெரிய மனக்குறை. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் அவர்கள் வேறொரு யோசனைக்கு வந்தார்கள்: ஆசியாவிலேயே பிறந்த பெண்ணை மணந்துகொள்கிறவன் ஆசியாவிலேயே தங்குவான், அவன் பிள்ளைகள் இந்தத் தட்பவெப்பத்துக்குப் பழகியவர்களாக வளர்ந்து கம்பெனிக்கு எழுத்தராகவும் சிப்பாயாகவும் உதவுவார்கள். இதை மனிதனின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடாமல் விதியாகவும் ஆக்கிவிட்டார்கள். விவாகத்துக்குக் கம்பெனியின் அனுமதி வேண்டும். மணப்பெண் கிறிஸ்துவ ஞானஸ்நானம் பெற்றவளாக இருக்க வேண்டும். ஆசியப் பெண்ணை மணந்தவன் அவளையும் பிள்ளைகளையும் ஹாலந்துக்கு அழைத்துப் போகலாகாது, அவர்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் போகவும் கூடாது. ஐந்து வருஷத்துக்கென்று எழுதிய ஒப்பந்தம் திருமண நாளன்று ஆயுள் ஒப்பந்தமாக மாறிவிடுகிற விசித்திரத்தை இந்த விதியில் காண்கிறோம். குடும்பத்தின் நலனைக் கருதிச் செய்த ஏற்பாடு இது என்று வாதிப்பவர்கள் உண்டு. ஆதரவற்ற மனைவி மக்களைக் கம்பெனியின் தரும நிதி போஷிக்க நேராமல் தடுப்பதும், பயிற்சி பெற்ற ஆட்களைக் கைக்கடக்கமாக வைத்துக்கொள்வதுமே அதன் பிரதான நோக்கம் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

அந்த மணப்பெண்கள் யார்? பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் மசூலிப்பட்டணத்திலும் பிறந்தவர்கள், போர்த்துக்கீசியரின் வழித்தோன்றல்கள், முந்தைய தலைமுறை ஒல்லாந்தருக்கும் இந்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த மகளிர். வீட்டில் வழங்கிய மொழி பெரும்பாலும் ஒல்லாந்த மொழி அன்று. ஆசியக் கடற்கரைகள் எங்கும் பரவியிருந்த கலப்புப் போர்த்துக்கீசே அடுப்பங்கரையிலும் தொட்டில் அருகிலும் ஒலித்தது, வேலைக்காரர்கள் தங்களுக்குள் தமிழிலோ தெலுங்கிலோ பேசிக்கொண்டார்கள், தகப்பன் காரியாலயத்தில் மட்டும் ஒல்லாந்த மொழியில் பேரேடு எழுதினான். பெண்பிள்ளைகளுக்கு மிக இளவயதிலேயே, புதிதாகக் கப்பலிறங்கிய உத்தியோகஸ்தருடன் விவாகம் ஆயிற்று. கணவன் இறந்தால் விதவை நெடுநாள் தனித்திருக்கவில்லை. அவளுக்குக் கிடைத்த சொத்தும், இந்நாட்டு வியாபாரிகளோடு அவள் குடும்பத்துக்கு இருந்த பழக்கமும் அடுத்த வணிகருக்கு அவளை விரும்பத்தக்க துணையாக்கின. கம்பெனி ஊழியர்கள் சொந்த வியாபாரம் செய்வது தடைசெய்யப்பட்டிருந்தும் அதைச் செய்யாதவர் அரியர். அந்த மறைமுக வியாபாரத்தில் மாமனார் வீட்டுச் சம்பந்தம் எவ்வளவு உதவியிருக்கும் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று தலைமுறைகளில் இக்கரையிலிருந்த பண்டகசாலைகளின் பெரிய பதவிகளெல்லாம் மாமன் மைத்துனன் உறவுக்குள்ளேயே சுற்றிவரத் தொடங்கின.

இந்தக் குடித்தனங்களின் நிழற்பகுதியையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வீட்டு வேலைக்கு அடிமைகளை வைத்திருப்பது அந்த மாளிகைகளில் சாதாரண வழக்கமாயிருந்தது. இக்கரையில் பஞ்சம் வந்த காலங்களில், முக்கியமாக 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டில் நிலவிய கொடும்பஞ்சத்தின்போது, பிள்ளைகளை விற்ற பெற்றோரிடமிருந்தும் தரகர்களிடமிருந்தும் கம்பெனி ஆயிரக்கணக்கான மனிதரை வாங்கி, பட்டேவியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேற்றியது. அயல்நாட்டில் வந்து குடியேறிய ஓர் எழுத்தனின் மனைவி, வெயிலுக்குப் பயந்து தாழ்வாரத்தில் அமர்ந்திருக்க, அவள் குழந்தையைத் தூக்கிச் சுமந்த சிறுமி தன் தாயைவிட்டுப் பிரிந்து எத்தனை வருஷமாயிற்று என்று எந்தப் பேரேட்டிலும் எழுதப்படவில்லை. ஒப்பந்த காலம் முடிந்தால் திரும்பலாம் என்ற நம்பிக்கையாவது எஜமானனுக்கு இருந்தது.

இனி ஊரின் தொழிலுக்கு வருவோம். சதுரங்கப்பட்டினத்துக்குக் கம்பெனியை இழுத்தது துணி. செங்கற்பட்டுச் சீமையிலும் காஞ்சிபுரம் பக்கத்திலும் நெசவு செழித்திருந்தது. இவ்வூர் மஸ்லினுக்கு ஐரோப்பியர் நடுவே நற்பெயர் இருந்தது. கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமானால் அங்கே வெள்ளியைவிடச் சோழமண்டலத்துத் துணியே நன்றாகச் செல்லுபடியாயிற்று என்பதுதான் ஒல்லாந்தர் இக்கரையைப் பற்றிக்கொண்டதற்கு ஆதிகாரணம். நெசவாளரோடு அவர்கள் நேரே பேரம் பேசவில்லை. உள்ளூர் வியாபாரிகளைக் கூட்டுச் சங்கங்களாகச் சேர்த்து, அவர்கள் பொறுப்பில் முன்பணம் கொடுத்து, மாதிரித் துண்டோடு ஒப்பிட்டுத் துணியை வாங்கினார்கள். மாதிரிக்குக் குறைந்த துணி தரம் இறக்கப்பட்டது அல்லது திருப்பித் தரப்பட்டது; அந்த நஷ்டம் கடைசியில் நெசவாளன் தலையிலேயே விடிந்தது. இப்படிச் சலவைக்காரரும் சாயக்காரரும் மூட்டை கட்டுவோரும் கணக்கரும் துபாஷிகளும் சூழ, கோட்டைக்குள் இருந்த ஒரு சில வெள்ளைக்காரக் குடும்பங்கள் வெளியே இருந்த ஒரு பெரிய ஜனத்திரளைச் சார்ந்தே ஜீவித்தன. பழவேற்காட்டையும் நாகப்பட்டினத்தையும் போலப் பெரிய நிலையமாகச் சதுரங்கப்பட்டினம் என்றுமே இருந்ததில்லை. கவர்னர் இருந்த தலைமை ஸ்தானம் பழவேற்காட்டிலிருந்து 1690இல் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. இங்கே வணிகர் அந்தஸ்துள்ள ஒருவரே தலைவர்.

அரசியல் பெரியவர்கள் இவ்வூரை நாடி வந்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. கர்நாடகப் போரால் சலித்துப்போன ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1754 ஜனவரியில் சமாதானம் பேச ஒரு நடுநிலையான இடம் தேடியபோது, ஒல்லாந்தரின் சதுரங்கப்பட்டினத்தைத் தேர்ந்தார்கள். ஆங்கிலேயர் சார்பில் வான்சிட்டார்ட்டும் பால்க்கும் வந்தனர். பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயின் தரப்பார் காட்டிய மொகலாய சன்னதுகள் மெய்யா பொய்யா என்ற வழக்கிலேயே பேச்சு முறிந்தது.

இவ்வூரில் உத்தியோகம் பார்த்தவர்களில் நமக்கு மிக நெருக்கமாகத் தெரிகிற மனிதர் ஒருவரே. அவர் பெயர் யாக்கோப் ஹாஃப்னர். ஒல்லாந்தர்களின் ஆசிய வாழ்வைப் பற்றி நாம் இதுவரை சொன்னவற்றின் சுகதுக்கம் முழுவதும் இவர் ஒருவர் சரித்திரத்தில் அடங்கியிருக்கிறது எனலாம். கம்பெனி ஊழியர்களில் ஏராளமானோர் ஜெர்மானியர். இவரும் 1754இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் பிறந்தவரே. தகப்பனார் வைத்தியர். குடும்பம் ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்தது. ஜீவனத்துக்கு வழி தேடிய தகப்பனார் 1766இல் கம்பெனியின் கப்பலில் அறுவை வைத்தியராகச் சேர்ந்து, மனைவியை ஊரில் விட்டு, பன்னிரண்டு வயதுப் பையனான யாக்கோபை மட்டும் உடன் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். நன்னம்பிக்கை முனையை எட்டுமுன் அவர் இறந்தார். உத்தியோக நிமித்தம் குடும்பத்தோடு அயல்நாடு செல்வது என்ற ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதற்கு இதைவிட நிதர்சனம் வேண்டியதில்லை. கப்பலில் அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே உறவு கடலோடு போயிற்று. முனையிலும் பட்டேவியாவிலும் கிடைத்த வேலையைச் செய்து வளர்ந்த இளைஞர், 1770களில் நாகப்பட்டினம் வந்து கம்பெனியின் கணக்கெழுத்தில் அமர்ந்து, பின்பு சதுரங்கப்பட்டினத்துக்குக் கணக்கராக மாற்றலாகி வந்தார்.

ஹாஃப்னர் தம் சக ஊழியர்களிலிருந்து வேறுபட்டவர். இந்நாட்டு மக்களின் வாழ்க்கையில் அவருக்கு இருந்தது வியாபாரியின் ஆர்வம் அன்று. அவர்களுடைய பாஷைகளையும் பழக்கங்களையும் பரிவோடு கற்றார். ஆனால் காலம் அவருக்கு இடங்கொடுக்கவில்லை. 1780 ஜூலையில் ஹைதர் அலியின் படை கர்நாடகத்துக்குள் புகுந்தது. செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படை ஒன்று நாசமாயிற்று. செங்கற்பட்டுச் சீமையின் கிராமங்கள் இரண்டு படைகளுக்கும் நடுவே அகப்பட்டுப் பாழாயின. அதே வருஷக் கடைசியில் ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யுத்தம் மூண்டது. அதன் செய்தி இங்கே எட்டியதும் 1781இல் ஆங்கிலேயர் சதுரங்கப்பட்டினத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நேற்றுவரை அண்டை வீட்டுக்காரராயிருந்தவர்கள் இன்று யுத்தக் கைதிகள். ஹாஃப்னரும் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே 1782இன் பஞ்சத்தை அவர் கண்ணாரக் கண்டார்; கோட்டைக்கு வெளியே ஜனங்கள் பட்டினியால் மடிந்த கோரத்தை அவர் எழுதி வைத்த பக்கங்கள், ஐரோப்பியர் ஒருவர் ஐரோப்பியரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி எழுதிய அபூர்வமான சாட்சியம். அந்த வருஷம் பிப்ரவரி 17ஆம் தேதி, சத்ராஸ் யுத்தம் என்று பின்னாளில் பெயர்பெற்ற கடற்போரில், பிரெஞ்சுத் தளபதி ஸஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹ்யூஸும் இந்தக் கரைக்கு எதிரே மோதிக்கொண்டார்கள்.

பிறகு ஹாஃப்னர் தரங்கம்பாடிக்குத் தப்பி, இலங்கைக்குப் போய், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரை கால்நடையாக நடந்து, கல்கத்தாவில் சில காலம் உத்தியோகம் பார்த்து, மீண்டும் சோழமண்டலக் கரையில் பல்லக்கில் பிரயாணம் செய்து, 1787இல் ஐரோப்பா திரும்பினார். இங்கே சம்பாதித்த பொருளைப் பிரெஞ்சுப் பத்திரங்களில் போட்டு வைத்தார். பிரெஞ்சுப் புரட்சி அதை விழுங்கிற்று. வறுமையில்தான் அவர் பேனாவை எடுத்தார். பல்லக்குப் பிரயாண நூல் 1808இல் வெளிவந்தது. அடுத்த வருஷம் அவர் ஆம்ஸ்டர்டாமில் காலமானார். அவர் ஒல்லாந்த மொழியில் ஆக்கி வைத்திருந்த இராமாயணப் பகுதிகள் அவர் இறந்து பல வருஷங்களுக்குப் பிறகே அச்சேறின. அந்தப் பல்லக்குப் பிரயாணத்தில் மாமியா என்னும் நாட்டியப் பெண்ணிடம் தாம் கொண்ட காதலை அவர் எழுதியிருக்கிறார். அவள் இறந்த பின்பே அவர் கப்பலேறினார். அவள் வாழ்ந்திருந்து, அவரும் கம்பெனியிலேயே இருந்து, தேவாலயத்தில் மணம் முடித்திருந்தால், மேலே சொன்ன விதி அவரை இக்கரையிலேயே கட்டிப்போட்டிருக்கும். நமக்கு அந்த நூல்கள் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

கோட்டையின் பிற்காலக் கதை சுருக்கமானது. 1781இல் பறிபோன அது, ஆங்கிலேயரோடு சமாதானம் ஆனபின் ஒல்லாந்தரிடம் திரும்பிற்று. 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1818இல் மறுபடி ஒல்லாந்தர் வந்தார்கள். 1824 மார்ச்சில் லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி, இந்தியாவிலிருந்த ஒல்லாந்த நிலையங்கள் யாவும் ஆங்கிலேயருக்கும், சுமத்ராவின் பெங்கூலன் ஒல்லாந்தருக்கும் என்று கைமாறின. மறுவருஷம் சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் ஆட்சி முற்றுப்பெற்றது. இடுகாட்டுக் கற்கள் மட்டும் நின்றன. புதைபொருள் இலாகாவைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் ரீ என்பவர், சென்னை மாகாணத்தில் உள்ள ஒல்லாந்தச் சின்னங்களைப் பற்றி 1897இல் வெளியிட்ட நூலில் இக்கற்களை வரைந்து பதிப்பித்தார். குலச்சின்னமும் கொடிவேலைப்பாடும் எழுத்தும் புடைத்து நிற்கும்படி செதுக்கப்பட்ட இவற்றைப் பார்க்கிறவர்கள் அந்நிய பாஷையைக் கண்டு அந்நிய வேலை என்று எண்ணிவிடுகிறார்கள். சோழமண்டலக் கரையில் அடிக்கப்பட்ட கல்லறைக் கற்கள் பட்டேவியாவுக்கே கப்பலில் போயிருக்கின்றன. தமக்குப் படிக்கத் தெரியாத எழுத்தை இம்மியும் பிசகாமல் உளியால் பெயர்த்துக் கொடுத்த நம் கல்தச்சரின் கைத்திறனை அங்கேயும் இன்று காணலாம்.

கோட்டைக்கு வெகு அருகில் இப்போது கல்பாக்கம். அணுமின் நிலையமும் 1971இல் தொடங்கிய உலை ஆராய்ச்சி நிலையமும் வந்தபின், தேசத்தின் எல்லா மாகாணங்களிலிருந்தும் உத்தியோகஸ்தர்கள் குடும்பத்தோடு இந்தக் கரையில் வந்து குடியேறினார்கள். பிரான்சோடு 1969இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இங்கே கட்டவிருந்த வேக ஈனுலைக்காக நம் என்ஜினீயர்கள் அந்நாட்டின் கடராஷ் நிலையத்துக்குப் போய்ப் பயின்று திரும்பினார்கள். அந்த உலை 1985 அக்டோபர் 18ஆம் தேதி இயங்கத் தொடங்கிற்று. வடக்கேயிருந்தும் மேற்கேயிருந்தும் சில வருஷ உத்தியோகம் என்று வந்தவர்கள் பணி ஓய்வு பெறும்போது சர்க்கார் குடியிருப்பைக் காலி செய்துகொடுக்க வேண்டும். அதற்குமேல் யாரையும் எங்கேயும் நிறுத்திவைக்கிற விதி கிடையாது. சிலர் சொந்த ஊருக்குப் போகிறார்கள். சிலர் புதுப்பட்டினத்திலோ செங்கற்பட்டிலோ மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு தங்கிவிடுகிறார்கள். பிள்ளைகளின் படிப்பும் மனைவியின் அபிப்பிராயமுமே இந்த விஷயத்தில் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்கின்றன.